ஒரு மடிப்பு கூடுதல்

அந்த வீட்டு மாடிக்கொடியில் புடவை அதிகம் காய்ந்து யாரும் பார்த்ததில்லை. புடவைகள் எல்லாம் உள்ளே மேஜைமேல் கிடந்தன, ஒவ்வொன்றும் வேறொருத்தியுடையது. கொடியில் காய்ந்தது உள்பாவாடைகள்தான். வீட்டில் இருப்பது இரண்டு பெண்கள். கொடியில் ஒரு நாளைக்கு ஐந்து உருப்படியாவது ஆடிக்கொண்டிருக்கும். கீழ்வீட்டுக்காரி துணி காயப்போட வரும்போதெல்லாம் அதற்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு.

"ஒரு ஆளு ஒரு நாளைக்கு எத்தனை பாவாடைடி கட்டுவே? காலுக்கு ஒண்ணா?" என்று அண்ணிக்காரி கேட்டாள். நாத்தனார் சிரித்துவிட்டு, வேர்க்குது அண்ணி என்றாள். வேர்த்தது உண்மைதான். நாலு நாளாக மழை வருவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு வராமல் இருந்தது. போதாததற்கு உள்ளறையில் காலை ஆறு மணியிலிருந்து நீராவி இஸ்திரி. சுவரே வேர்க்கிற வீட்டில் மனுஷி வேர்ப்பதை யார் சந்தேகப்படுவது.

அண்ணிக்காரியை எல்லோரும் ஊக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடதுகை வளையலில் எப்போதும் இருபது முப்பது ஊக்குகள் கொத்தாகத் தொங்கும். கழுத்தில் மாலை மாதிரி ஒரு அளவு டேப். அந்த டேப்பை அவள் எடுத்து அளந்து பார்த்தவர்கள் குறைவு. கைவிரலிலும் கண்ணிலும் அளவு வைத்திருக்கிறவள். நடிகைகளுக்கும், நடிகைபோல ஒரு நாள் தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிற கல்யாணப் பெண்களுக்கும் புடவை கட்டிவிடுவது தொழில். கேட்கப் பகட்டாக இருக்கும். உண்மையில் அது முழங்காலில் நிற்கிற வேலை. கொசுவத்தின் கீழ்விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டுமென்றால், கட்டிவிடுகிறவள் தரையில் இருந்தாகவேண்டும். இருபது வருஷம் அப்படி நின்றதில் அவளுடைய இரண்டு முழங்காலும் போய்விட்டன. கட்டி முடித்ததும் கையை நீட்டுவாள், நாத்தனார் பிடித்துத் தூக்குவாள். அப்புறம்தான் அவளால் நிமிர முடியும்.

நாத்தனாரின் பெயர் அச்சு. வைத்த பெயர் வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷன் வேண்டாமென்று விட்டுப்போய், ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுப் படியேறி வந்தாள். வந்த புதிதில் பாத்திரம் கழுவும் சத்தம்கூட வெளியே கேட்காது. சாப்பிட்ட தட்டை மறைத்துக் கழுவி வைப்பாள். பேச்சு கேட்டால் பதில், இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. சொல்லாவிட்டாலும் அவளுக்குக் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நடிகை ஊக்கக்காவிடம் வந்தாள். பத்தொன்பது வயது, முதல் படம். அளவெடுத்து எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஊக்கக்கா, சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு நாத்தனாரைக் கூப்பிட்டு நிறுத்தி அளந்து பார்த்தாள். உயரம் அதே. தோள் அதே. இடுப்பு இருபத்தெட்டரை, நூல் பிசகாமல் அதே. "அடியே, அச்சுல வார்த்த மாதிரி இருக்கியேடி" என்றாள். அன்றைக்கு வந்த பெயர் அது. அன்று மத்தியானம் அச்சு இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டாள் என்பதை ஊக்கக்கா கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடிகைக்கு வருகிற ஒவ்வொரு புடவையும் முதலில் அச்சுமேல்தான் ஏறியது. அவள்மேல் கட்டிப் பார்த்து, முந்தானை மடிப்பை விரற்கடை கணக்கில் பிடித்து, கொசுவத்துக்குக் கிளிப் போட்டு, அப்படியே கழற்றி மேஜையில் பரத்துவார்கள். அச்சுவின் அண்ணன், அதாவது ஊக்கக்காவின் வீட்டுக்காரர், மடிப்பு கலையாமல் இஸ்திரி போட்டு, பெட்டிக்குள் படுக்கவைப்பார். நடிகைமேல் போய்க் கட்டும்போது பத்தே நிமிஷத்தில் அப்படியே உட்காரும். மற்றவர்கள் ஒரு மணி நேரம் குத்திக் குத்திக் கட்டுவார்கள். ஊக்கக்காவின் பேரெல்லாம் இந்தப் பத்து நிமிஷத்தால் வந்தது. அந்தப் பத்து நிமிஷம் அச்சுவால் வந்தது.

வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பேசினால் அது பெரும்பாலும் நக்கலாக இருக்கும். போன வருஷம் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். தையல்கடைப் பொம்மை, ஆனால் முதுகில் திருகு உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் இடுப்பு பெருக்கும், மறுபக்கம் திருப்பினால் சிறுக்கும். "இதை ஒண்ணு வாங்கிட்டா எல்லா நடிகைக்கும் ஆச்சு. டீ கேக்காது, காலு வலிக்குதுங்காது" என்றார். ஊக்கக்கா சிரித்தாள். அச்சுவும் சிரித்தாள். தாளை மேஜை விரிப்புக்கு அடியில் செருகிவிட்டு அவர் மறந்துபோனார்.

புடவை மாறிக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் இடுப்பில் பெல்ட் போட்டார்கள். அடுத்த வருஷம் மேலே கோட்டு. அதற்கடுத்த வருஷம் பாவாடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேன்ட்மேல் கட்டினார்கள். இந்த வருஷம் கட்டவே வேண்டாம் என்றார்கள். கொசுவத்தை இடுப்போடு தைத்து, பக்கவாட்டில் ஜிப் வைத்து, பாவாடைபோல ஏறிக்கொண்டால் போதும். நடிகைக்கு உடை தேர்ந்தெடுக்கிற ஸ்டைலிஸ்ட் பெண், முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி போட்டவள், ஒரு பெட்டியோடு வந்து விளக்கினாள்: "புடவை மாதிரி தெரியணும்க்கா, ஆனா புடவையா இருக்கக்கூடாது." ஊக்கக்கா தலையாட்டினாள். இதைவிடக் குழப்பமானதை எல்லாம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள்.

பெட்டிக்குள் இருந்தது ஈயம் பூசியதுபோல மினுங்குகிற மெல்லிய துணி. பட அறிமுக விழாவுக்கு. முந்தானை தோளில் ஏறி, முதுகில் தொங்கி, மறுபடி கழுத்தைச் சுற்றி வரவேண்டும். இடுப்பில் துளி சுருக்கம் விழக்கூடாது. உள்பாவாடை கூடாது, உடம்போடு ஒட்டிப்பிடிக்கிற ஷேப்வேர்தான். கடைக்குப் போய் நடிகையின் சைஸில் ஒன்று வாங்கிவரச் சொல்லி அச்சுவை அனுப்பினார்கள். அவள் வாங்கிவந்தாள்.

ஆனால் போட்டுக்கொள்ள மட்டும் சாக்குப்போக்குச் சொன்னாள். தலை வலிக்கிறது என்றாள். டேப்பை வைத்தே தைத்துவிடுங்களேன் என்றாள்.

"நீ இருக்கும்போது டேப் எதுக்குடி?" என்றாள் ஊக்கக்கா.

அச்சு உள்ளே போனாள். போட்டுக்கொண்டு வந்து நின்றாள். துணி நழுவுகிற துணி; பிடித்தால் ஓடுகிறது, விட்டால் சரிகிறது. ஊக்கக்காவின் கண் முழுக்கத் துணிமேல் இருந்தது. இடுப்பில் சுற்றி ஊக்குக் குத்தியபோது ஒரு கணம் கைக்கு என்னவோபோல இருந்தது. "புது ஷேப்வேர் நல்லா இறுக்கிப் பிடிக்குது. நல்ல கம்பெனிதான் போல" என்று தானே பதில் சொல்லிக்கொண்டாள். கண்ணாடிபோன்ற துணி, உள்ளே தையலுக்குத் துணி விட்டால் வெளியே நிழல் தெரியும். நூலளவு மட்டும் விட்டு மிச்சத்தைக் கத்தரியால் வெட்டினாள். இருபது வருஷத்தில் அவள் செய்த தப்பு இது ஒன்றுதான் என்று சொல்லலாம், பெரிதாகவே செய்தாள்.

விழா பகல் பதினொரு மணிக்கு. ஹோட்டலில் அறை போட்டிருந்தார்கள். அச்சுவை வீட்டில் விட்டுவிட்டு ஊக்கக்கா மட்டும் ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். முகப்பூச்சு முடிந்து நடிகை பத்தேகாலுக்கு வந்தாள். புடவை காலில் ஏறியது, தொடையில் ஏறியது, இடுப்பில் வந்து நின்றது. ஜிப்பின் இரண்டு விளிம்பும் மூன்று விரல் தள்ளி நின்றன.

மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னாள் ஸ்டைலிஸ்ட். நடிகை இழுத்தாள். இரண்டரை விரல் ஆயிற்று. நடிகையின் அம்மா எழுந்து வந்தாள்.

"நேத்து என்ன தின்னே?"

"நீ குடுத்ததுதாம்மா. வெள்ளரிக்காயும் ரெண்டு முட்டையும். நாலு நாளா அதான்."

"அப்போ இது எப்படி ஏறும்? காத்துலேர்ந்தா?"

ஸ்டைலிஸ்ட் ஏற்கெனவே போனில் யாரிடமோ, வெயிட் போட்டுட்டாங்க, வேறு உடை இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நடிகை கண்ணாடி முன்னால் திறந்த ஜிப்போடு நின்றாள். அழவில்லை. அழுதால் மை கலையும், மறுபடி அரைமணி நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வயிற்றை மட்டும் இரண்டு கையாலும் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதுதான் குற்றவாளி என்பதுபோல.

ஊக்கக்கா வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பழியெல்லாம் போகிற இடத்துக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. வெயிட் போட்ட நடிகை என்று நாலு நாள் பேசுவார்கள், தைத்தவளை யாரும் தேடமாட்டார்கள். ஆனால் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய் டேப்பை உருவியது. நடிகையின் இடுப்பில் சுற்றிப் பிடித்தாள். இருபத்தெட்டரை. அவிழ்த்துவிட்டு இன்னொரு தரம் பிடித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய அதே இருபத்தெட்டரை.

துணி சுருங்கியிருக்குமோ என்று புடவையின் இடுப்பு விளிம்பையும் அளந்தாள். இருபத்தாறு. தைத்த கணக்கில் ஒன்றும் பிசகில்லை. யார்மேல் வைத்துத் தைத்தாளோ அவளுடைய அளவு அது.

"பாப்பா உடம்பு ஒரு நூல்கூடக் கூடலை. நான்தான் சின்னதா தைச்சுட்டேன்" என்றாள்.

ஸ்டைலிஸ்ட் போனை இறக்கினாள். "எப்படிக்கா? அளந்துதானே தைச்சீங்க?"

"டேப் வைக்கலை மேடம்."

அதற்குப் பிறகு ஸ்டைலிஸ்ட் சொன்னதெல்லாம் சொல்லவேண்டியதுதான், ஊக்கக்காவுக்கே அதில் மறுப்பில்லை. கேட்டுக்கொண்டே கத்தரியை எடுத்து ஜிப்பை வெட்டி எறிந்தாள். தைத்த கொசுவத்தைப் பிரித்தாள். முழங்காலில் இறங்கினாள். புடவையாக இருக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட அதை, மறுபடியும் புடவையாகவே கட்ட ஆரம்பித்தாள். துணி வெட்டுப்பட்ட இடமெல்லாம் மடிப்புக்குள் போகவேண்டும். வாயில் நாலு ஊக்கு, வளையலில் மிச்சம். வேர்வை கண்ணுக்குள் இறங்கியபோது துடைக்கக் கை காலி இல்லை.

நடிகை அசையாமல் நின்றாள். நிற்பதில் அவளும் தேர்ந்தவள்தான். கொஞ்ச நேரம் கழித்து, அம்மா காதில் விழாமல் தலையைக் குனிந்து கேட்டாள்.

"அக்கா, நான் வெயிட் ஏறலைன்னா அப்போ இறங்கினது யாரு?"

ஊக்கக்கா வாயிலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எங்க நாத்தனார்" என்றாள். சொன்ன பிறகுதான் அது முழுசாக அவளுக்கே விளங்கியது.

பதினொன்றேகாலுக்கு நடிகை மேடை ஏறினாள். போட்டோக்காரர்கள் இடுப்பு மடிப்பைக் காட்டி இது என்ன புதுக் கட்டு என்று கேட்டார்களாம். ஆமாம், வேண்டுமென்றுதான் அப்படி யோசித்தோம் என்று ஸ்டைலிஸ்ட் பதில் சொன்னாளாம். சொல்லிவிட்டு உள்ளே வந்து, அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஊக்கக்காவிடமும் சொன்னாள். இரண்டையும் ஒரே குரலில் சொல்ல அவளால் முடிந்தது. முன்னே கட்டி முடித்ததும் பழக்கத்தில் கையை நீட்டியிருந்தாள் ஊக்கக்கா. அங்கே பிடிக்க யாரும் இல்லை. நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மழை இப்போதும் வரவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ. அச்சுவின் வளையல் பாத்திரம் கழுவும்போது முழங்கைக்கு ஏறிப்போகும். அதைக் கழற்றி வைத்துவிட்டாள், இடைஞ்சலாக இருக்கிறது என்றாள். ரவிக்கைக் கையைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள், மோஸ்தர் என்றாள். எப்போது பார்த்தாலும் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். குடித்துக்கொண்டே இருப்பாள், எழுந்து போய்க்கொண்டே இருப்பாள். கீழ்வீட்டுக்காரி பொறாமைப்பட்டுக் கேட்டதுகூட ஞாபகம் வந்தது. நாப்பதை நெருங்கியும் உடம்பை எப்படி இப்படி வச்சிருக்கே, என்ன சாப்பிடறே என்று. அச்சு சிரித்தாள். தான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டதை நினைத்தபோது ஊக்கக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தினம் தொட்ட உடம்பு. தினம் நாலு தரம் சுற்றிவந்து பார்த்த உடம்பு. அதன்மேல் கிடந்த துணியை மட்டும் பார்த்திருக்கிறாள்.

மாடி ஏறியதும் கொடியில் தலை இடித்தது. உள்பாவாடைகள். ஊக்கக்கா நின்று அவற்றைப் பார்த்தாள். கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

உள்ளே வீட்டுக்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அச்சு தரையில் உட்கார்ந்து கிளிப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"எழுந்திரு" என்றாள் ஊக்கக்கா.

எழுந்தாள். ஊக்கக்கா அவளை அறைமூலைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், புடவையைத் தளர்த்தி இடுப்பில் கைவைத்தாள். ஒரு உள்பாவாடை. அதற்குள் இன்னொன்று. நடுவில் நாலாக மடித்த ஒரு துண்டு, நேர்த்தியாக ஊக்குக் குத்தி, சுருக்கம் தெரியாமல். தொழில் தெரிந்த கை செய்த வேலை.

"எத்தனை நாளாடி?"

"நாலு மாசம் இருக்கும் அண்ணி."

"அந்த ஷேப்வேர்?"

"ஒரு சைஸ் சின்னது வாங்கினேன். பாப்பா சைஸ் எனக்கு நிக்கலை. கழண்டு கழண்டு விழுந்தது." சொல்லிவிட்டு, "புடவை என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

ஊக்கக்கா நடந்ததைச் சொன்னாள். நடிகையின் வேலை கைவிட்டுப் போனதையும் சொன்னாள். மறைத்து என்ன ஆகப்போகிறது. அச்சு அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். என்னால போச்சு, என்னால போச்சு என்று இரண்டு தரம் சொன்னாள். உடம்புக்கு என்ன செய்கிறது, ஏன் வாய் திறக்கவில்லை என்று ஊக்கக்கா கேட்டாள். பதில் மெல்ல மெல்ல வந்தது. தாகம் அடங்குவதில்லை. சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. மாடி ஏறினால் கண் இருட்டுகிறது. தேறிவிடும் என்று இருந்தாளாம். வீட்டுக்காரர் திரைக்கு அந்தப்பக்கம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"தேறலைன்னா? அப்பவும் துண்டைச் சுத்திட்டு நிப்பியா?"

அச்சு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த அளவு இருக்கறதாலதானே அண்ணி நான் இங்க இருக்கேன். அது போச்சுன்னா அந்தத் திருகுப் பொம்மையை வாங்கிடுவீங்க. அப்புறம் நான் என்னன்னு இங்க இருப்பேன்?"

திரைக்கு அந்தப்பக்கம் மேஜை விரிப்பைத் தூக்கும் சத்தம் கேட்டது. காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் நாலு துண்டாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், அதற்குமேலும் கிழித்துக்கொண்டிருந்தார்.

"நான் சும்மா சொன்னதும்மா அது" என்றார்.

அன்று அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊக்கக்கா நாத்தனாரின் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் சாப்பிட்டதையும் பார்த்தாள், சாப்பிட்ட பிறகு சொம்புத் தண்ணீர் முழுக்கக் குடித்ததையும் பார்த்தாள். ஆறு வருஷத்தில் பார்க்காததை எல்லாம் ஒரே வேளையில் பார்த்துவிட முடியுமா என்ன. முடிந்தவரை பார்த்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். அச்சு தன்னுடைய பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்துவைத்தாள். உள்பாவாடையைக் கட்டும்போது ஊக்கக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வழக்கப்படி இரண்டாவதை எடுக்கப் போய், நிறுத்திக்கொண்டாள்.

"குடு, நான் கட்டிவிடறேன்" என்றாள் ஊக்கக்கா.

"எனக்கு எதுக்கு அண்ணி? பஸ்ல போறதுக்கு."

ஊக்கக்கா புடவையை வாங்கிக்கொண்டாள். இந்த உடம்பின்மேல் ஆயிரம் புடவையாவது கட்டியிருப்பாள், எல்லாம் இன்னொருத்திக்கு. இவளுக்கென்று ஒன்று கட்டியதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஒரு சுற்று சுற்றி, முந்தானையைத் தோளில் போட்டு அளந்துவிட்டு, நடுவில் மிஞ்சியதை விரலில் மடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இந்தப் புடவையை அச்சு கட்டும்போது ஆறு மடிப்பு வரும். தினம் கண்ணில் பட்ட கணக்கு. இன்றைக்கு ஆறு முடிந்தும் துணி மிஞ்சியது. ஏழாவதை மடித்தாள். நாலு விரல் அகலம், முழுசாக ஒரு மடிப்பு.

அச்சு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை உள்ள சொருகிடுங்க அண்ணி. வெளியே தெரியாது."

"தெரியட்டும்டி" என்றாள் ஊக்கக்கா.

முழங்காலில் இறங்கிக் கீழ்விளிம்பைச் சமன் செய்தாள். வளையலிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி ஏழு மடிப்பையும் சேர்த்துக் குத்தினாள். அது உடம்பில் படாதபடி உள்ளே விரல் கொடுத்துக் குத்தினாள். பிறகு எழுந்திருப்பதற்குக் கையை நீட்டினாள். அச்சு பிடித்துத் தூக்கக் குனிந்தாள். அந்தக் கை தன் கைக்குள் எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்தாள் ஊக்கக்கா. பிறகு அதை விட்டுவிட்டு, தரையில் இரண்டு கையையும் ஊன்றி, தானாகவே எழுந்தாள்.